மலேரியா நுளம்பு நகரத்துக்கு வரும்போது: கொழும்பு வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் நுளம்பு என்று சொன்னவுடன் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வருகிறது. மலேரியா என்பது வன்னிக்கும் அநுராதபுரத்துக்கும் உரிய பழைய காய்ச்சல், அதுவும் முடிந்துபோன கதை என்ற எண்ணம் படித்தவர்களிடையேயும் இருக்கிறது. நகரத்து நீர்த்தாங்கிகளிலேயே பெருகக்கூடிய ஒரு மலேரியா நுளம்பு கடந்த சில ஆண்டுகளாக நாட்டுக்கு நாடு இடம்மாறி வருவதால், அந்த எண்ணத்தைச் சற்று மறுபரிசீலனை செய்வது நல்லது. அடிக்கடி எழும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன.

மலேரியா காட்டையும் வயலையும் அண்டிய நோய்தானே? நகரவாசிகள் ஏன் கவலைப்பட வேண்டும்?

இலங்கையைப் பொறுத்தவரை நீண்டகாலம் அது உண்மையாகவே இருந்தது. இங்கு மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். வெயில் படும் தெளிந்த நீரில், குறிப்பாக வற்றிவரும் ஆற்றுப் படுகைகளின் மணற்குழிகளிலும் இரத்தினக்கல் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகளிலும் அது முட்டையிடும். கொங்கிரீட்டும் கழிவுநீர்க் கால்வாயும் நிறைந்த நகரம் அதற்கு ஒத்துவராது. ஆகவே நகரம் தானாகவே ஓரளவு காக்கப்பட்டிருந்தது.

அந்தப் பாதுகாப்பைப் பொருளற்றதாக்குவது அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற வேறோர் இனம். அது மனிதன் சேமித்துவைக்கும் நீரையே தேடி வருகிறது. மாடியிலுள்ள தாங்கி, கட்டிய கிணறு, கட்டட வேலைத்தளத்தில் தேங்கிய நீர், மூடாத பீப்பாய் என எல்லாமே அதற்கு ஏற்ற இடங்கள். நகரம் வளர வளர அதற்கு இடமும் வளர்கிறது.

இது புதிதாகத் தோன்றிய நுளம்பா?

இல்லை. இது 1901 ஆம் ஆண்டிலேயே இந்தியாவிலிருந்து விவரிக்கப்பட்ட இனம். தெற்காசியாவும் அரேபியத் தீபகற்பமும் இதன் பழைய தாயகங்கள். பம்பாய் நகரின் மலேரியாவைப் பற்றி 1911 இல் பென்ட்லி என்ற அதிகாரி அளித்த அறிக்கை, அந்நகரத்துக் கிணறுகளையே குற்றவாளியாகக் காட்டியது. அதன்பின் கிணறுகளை மூடுவது அங்கு பெரும் சர்ச்சையாகவே மாறியது. சென்னையின் கதையும் ஏறத்தாழ இதுவே. தமிழ்நாட்டில் பதிவான மலேரியா நோயாளரில் பெரும்பங்கு நெடுங்காலம் தலைநகரத்திலேயே இருந்தது. மாடித் தாங்கிகளும் வீட்டுக் கிணறுகளும் அதற்குக் காரணமாயின. நகர மலேரியாவுக்கென்று இந்தியா 1971 இல் தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. கடலுக்கு அப்பால் நூறாண்டு காலமாகப் பழகிய ஒரு பிரச்சினை தன் எல்லைகளை விரித்துக்கொண்டிருப்பதே இப்போதைய செய்தி.

எங்கெங்கெல்லாம் பரவியிருக்கிறது?

ஆபிரிக்கக் கொம்பில் உள்ள ஜிபூட்டி நகரத்தில் 2012 இல் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் 2016 இல் எத்தியோப்பியாவிலும் சூடானிலும், 2019 இல் சோமாலியாவிலும், 2020 இல் நைஜீரியாவிலும், 2022 இல் கென்யாவிலும் கானாவிலும் பதிவாயிற்று. முதலில் பிடிபட்ட இடங்களில் பல துறைமுகங்களாகவும் போக்குவரத்துச் சந்திகளாகவும் இருந்ததால், கப்பல் வழியான சரக்குப் போக்குவரத்து இதற்கு உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்து.

ஜிபூட்டியின் அனுபவத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். மலேரியாவை ஒழிக்கும் நிலையை நெருங்கியிருந்த அந்தச் சிறிய நாட்டில் 2012 இல் 27 நோயாளர்களே பதிவாகியிருந்தனர். 2020 இல் அந்த எண்ணிக்கை 73,000 ஐத் தாண்டியது. எட்டு ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் 2022 இல், வழக்கமாக நோய் குறைந்திருக்கும் வறண்ட காலத்தில் ஏற்பட்ட திடீர்ப் பரவலும் இந்த நுளம்போடு தொடர்புடையதென ஆய்வுகள் காட்டின. ஆபிரிக்க நகரங்களில் மேலும் 12 கோடி 60 இலட்சம் பேர் ஆபத்துக்கு உட்படக்கூடும் என்று 2020 இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் எச்சரிக்கை விடுத்து, 2022 இல் இதன் பரவலைத் தடுப்பதற்கெனத் தனி முயற்சியொன்றைத் தொடங்கியது.

இலங்கைக்கு வந்துவிட்டதா?

வந்துவிட்டது. மன்னாரில் 2016 இன் இறுதியில் இது கண்டறியப்பட்டது. பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் காணப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே என்பதை நினைவில் கொண்டால் வடக்கில் முதலில் தோன்றியது வியப்பல்ல. மன்னாரில் இது பெரும்பாலும் வீட்டுக் கிணறுகளில்தான் பெருகியது. அங்கு குடம்பிகளை, அதாவது நீரில் வாழும் நுளம்புப் புழுக்களை, உண்ணும் மீன்களைக் கிணறுகளில் விடும் பணி உட்படப் பல நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன.

காலத்தின் விந்தை என்னவென்றால், இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததும் அதே 2016 ஆம் ஆண்டு, செப்டெம்பர் 5 ஆம் திகதிதான். அந்நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக அந்தச் சான்றிதழைப் பெற்ற நாடு நாம். கொண்டாட்டம் முடிந்து சில மாதங்களுக்குள் புதிய நுளம்பு வந்து சேர்ந்தது.

நோயே இல்லாத நாட்டில் நுளம்பு மட்டும் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது, நியாயமானதும் கூட. மலேரியா பரவ மூன்று பொருந்தி வர வேண்டும்: ஒட்டுண்ணியைச் சுமக்கும் ஒரு மனிதர், அவரைக் கடிக்கும் பெண் அனோபிலிஸ் நுளம்பு, அந்த நுளம்பு பின்னர் கடிக்கும் இன்னொருவர். நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு உடனே தொற்றைப் பரப்பாது. ஒட்டுண்ணி அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, கொழும்பைப் போன்ற வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாட்கள் செல்லும். அதுவரை நுளம்பு உயிரோடு இருக்க வேண்டும். இவை எல்லாம் கூடிவராவிட்டால் சங்கிலி அறுந்துவிடுகிறது.

உள்நாட்டிலேயே சுற்றிவந்த ஒட்டுண்ணியால் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். அதன் பின் ஆண்டுதோறும் பெரும்பாலும் வெளிநாடுகளில் தொற்றி இங்கு வந்தவர்களே கண்டறியப்படுகின்றனர். வணிகர்கள், தொழிலாளர்கள், யாத்திரிகர்கள், ஆபிரிக்க நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர்கள் எனப் பலரும் அதில் அடங்குவர். அப்படி வெளிநாட்டில் தொற்றி வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள நுளம்பின் வழியாக இன்னொருவருக்கு நோய் தொற்றிய நிகழ்வு 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில் நடந்தது. அது விரைந்து கண்டறியப்பட்டு மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது. சங்கிலியின் கண்ணிகள் இன்னும் பொருந்தக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழைய வரலாறு இன்னும் கசப்பானது. டி.டி.டி. பூச்சிக்கொல்லித் தெளிப்புக்குப் பிறகு 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே இருந்தனர். நோய் ஒழிந்துவிட்டதென்று தெளிப்பு குறைந்தது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. வெற்றிக்குப் பின்வரும் அலட்சியம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை கணக்குப் பார்த்துவிட்டது.

கொழும்பு ஈர வலயத்தில் இருக்கிறது. அது ஒரு காப்பு அல்லவா?

சாதாரண ஆண்டுகளில் ஆம். மழை நன்றாகப் பெய்யும்போது ஆறுகள் ஓடிக்கொண்டேயிருந்து குடம்பிகளை அடித்துச் செல்கின்றன. ஆனால் 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகியவற்றின் படுகைகள் குட்டை குட்டையாய் நின்ற தெளிநீராக மாறின; மலேரியாவுக்குப் பழக்கமில்லாத, அதனால் எதிர்ப்புச் சக்தியும் இல்லாத மக்கள் கூட்டத்தின் நடுவே நுளம்பு பெருகியது. அந்த ஆண்டு ஒக்டோபர் முதல் அடுத்த ஆண்டு வரை நீடித்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தனர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. குடியேற்ற ஆட்சியை எதிர்த்த சூரியமல் இயக்கத்தின் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று உதவியதும் அரசியல் வரலாற்றில் பதிவான செய்தி.

மழை நம்மைக் காக்கிறது என்று நம்புவோர் இதையும் கவனிக்க வேண்டும்: ஸ்டீபென்சிக்கு ஆறும் மழையும் ஒரு பொருட்டே அல்ல. வறட்சி வந்து குழாய் நீர் நேர ஒழுங்கில் வரத் தொடங்கினால் மக்கள் செய்யும் முதல் வேலை பாத்திரங்களிலும் பீப்பாய்களிலும் நீரைச் சேமிப்பதே. அதுவே அதற்கு விருந்து.

கொழும்பில் அது முட்டையிடக்கூடிய இடங்கள் எவை?

மாடித் தாங்கியிலிருந்து தொடங்குவோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகள் வரிசையாக நிற்கும். மூடி பெரும்பாலும் இருக்கும். ஆனால் மேலிருந்து இறங்கும் நீர்க்குழாய்க்காக மூடியின் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், அந்த வெட்டு குழாயைவிட ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கும். மேலதிக நீர் வழியும் குழாயின் வாயில் வலை இருக்காது. வெயிலில் வளைந்துபோன மூடி ஒரு மூலையில் எழுந்து நிற்கும். காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு செங்கல் வைத்திருப்பார்கள். இவற்றில் ஏதேனும் ஓர் இடைவெளி ஒரு பெண் நுளம்புக்குப் போதும். கீழ்த்தளத்தில் வசிப்பவர்கள் தாங்கியை ஒருமுறையும் பார்த்திருக்க மாட்டார்கள். மேலே போவதற்கான கதவு பூட்டியிருக்கும், சாவி முகாமையாளரிடம் இருக்கும், முகாமையாளர் மாதக் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுவார்.

அடுத்தது கட்டட வேலைத்தளங்கள். கொங்கிரீட் தளத்தைப் பதப்படுத்துவதற்காக அதன்மேல் தேக்கி வைக்கும் நீர், நிலக்கீழ் அடித்தளங்கள், மின்தூக்கி இறங்கும் குழிகள், சிமெந்து கலக்கும் பீப்பாய்கள் ஆகியவை வாரக்கணக்கில் நீரைத் தாங்கி நிற்கும். மலேரியா உள்ள பிரதேசங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதே தளத்தில் தங்கினால், ஒட்டுண்ணியும் நுளம்பும் ஒரே கூரையின் கீழ் சந்திக்க வாய்ப்பு உண்டாகிறது. மும்பை போன்ற நகரங்களில் கட்டட வேலைத்தளங்கள் மலேரியாவின் மையங்களாக விளங்கியதன் காரணம் இதுவே. இதைச் சொல்வது தொழிலாளர்களைக் குற்றம் சுமத்துவதற்கன்று, அவர்கள் பாதிக்கப்படுபவர்கள். குழியை மூடி, காய்ச்சல் வந்தவருக்கு உடனே பரிசோதனை ஏற்பாடு செய்வது ஒப்பந்ததாரரின் கடமை.

வத்தளை, தெஹிவளைப் பக்கங்களில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் வீட்டுக் கிணறுகள், தோட்டத் தொட்டிகள், அலங்காரக் குளங்கள் என்பனவும் பட்டியலில் சேரும்.

குடம்பியைப் பார்த்தே அடையாளம் காண முடியுமா?

ஓரளவு முடியும். வெள்ளை நிறப் பாத்திரத்தில் தாங்கியின் நீரை மெதுவாக மொண்டு, வெளிச்சத்தில் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸின் குடம்பியும் வீட்டுக் கியூலெக்ஸின் குடம்பியும் வால்முனையில் உள்ள சுவாசக் குழலை நீர்ப்பரப்பில் ஒட்டி, தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழல் இல்லை. அது நீரின் மேற்பரப்போடு படுத்தவாறு கிடைமட்டமாக மிதக்கும், நிழல் பட்டதும் சட்டென ஒதுங்கும். வளர்ந்த நுளம்பும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: சுவரில் அமரும்போது உடலைச் சாய்த்து, வயிற்றின் நுனியை மேலே தூக்கியிருக்கும்.

அனோபிலிஸ் என்று கண்டுகொள்வது வரை வாசகரால் முடியும். அவை எல்லாமே ஸ்டீபென்சி அல்ல. இனத்தைத் தீர்மானிப்பது பூச்சியியல் அலுவலரின் வேலை. கிடைமட்டமாக மிதக்கும் குடம்பிகளைக் கண்டால் நீரைக் கொட்டிவிட்டு மறந்துவிடாமல், ஒரு சிறு போத்தலில் சிலவற்றை வைத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அரசின் மலேரியாத் தடை இயக்கத்துக்கோ அறிவியுங்கள்.

டெங்குவுக்கென்று செய்யும் துப்புரவு இதற்கும் போதாதா?

பாதி வேலை அதனால் முடியும். யோகட் கோப்பை, டயர், பீலி, பூச்சாடித் தட்டு ஆகியவற்றைக் கவிழ்ப்பதும் சுத்தம் செய்வதும் இரண்டுக்கும் பயன்படும். ஆனால் டெங்குத் துப்புரவின் கண் வீட்டு முற்றத்திலேயே நின்றுவிடுகிறது. மொட்டைமாடிக்கும் கிணற்றுக்கும் அது ஏறி இறங்குவதில்லை. மலேரியா நுளம்புக்கு அவையே முக்கியம். என் அபிப்பிராயத்தில், தொடர்மாடிகளின் முகாமைத்துவச் சபைகள் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் வர்ணம் பூசுவதற்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியைத் தாங்கி மூடிகளுக்கும் வலைகளுக்கும் ஒதுக்கினால் அது இதைவிட நல்ல செலவாக இருக்கும்.

முட்டையிலிருந்து நுளம்பாக வெளிவர வெப்பமான காலநிலையில் பத்து நாட்கள் அளவே செல்லும். ஆகவே கவிழ்க்கக்கூடியதை வாரம் ஒருமுறை கவிழ்ப்பதும், கவிழ்க்க முடியாததை இடைவெளியில்லாமல் மூடுவதும் என்ற ஒழுங்கு நடைமுறைக்கு உகந்தது.

புகையடித்தால் ஒழிந்துவிடுமா?

ஒழியாது. புகை பறக்கும் நுளம்பையே கொல்கிறது; மூடிய தாங்கிக்குள் இருக்கும் குடம்பியை அது எட்டாது. மேலும் ஸ்டீபென்சி பல பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட இனம். தெருவில் புகை வண்டி வருவதைக் கண்டு மக்களுக்கு உண்டாகும் நிம்மதியே அதன் பெரிய பயன் என்று சொன்னால் சில அதிகாரிகளுக்குக் கோபம் வரலாம். எனினும் நோயாளர் கண்டறியப்பட்ட இடத்தில் உடனடியாகப் பறக்கும் நுளம்பைக் குறைக்க வேண்டிய வேளைகளில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

நுளம்பு வலை, தைலம் ஆகியவை பயன்படுமா?

பயன்படும், முழுமையாக அல்ல. கிராமத்து அனோபிலிஸ் பெரும்பாலும் இரவில் வீட்டுக்குள் கடிப்பதால் வலை அங்கு நல்ல காப்பு. ஸ்டீபென்சி மாலை மங்கும் வேளையிலும் வீட்டுக்கு வெளியிலும் கடிக்கிறது. வலைக்குள் போவதற்கு முன்னரே அது தன் வேலையை முடித்திருக்கக்கூடும்.

கிணற்றில் மீன் விடலாமா? தாங்கியில் மருந்து போடலாமா?

பயன்பாட்டிலுள்ள திறந்த கிணற்றில் கப்பி போன்ற குடம்பி தின்னும் மீன்களை விடுவது எளிய முறை. குடிநீர்த் தாங்கியில் நீங்களாக எந்த மருந்தையும் கொட்ட வேண்டாம். குடிநீருக்கு ஏற்ற குடம்பிகொல்லிகளும் அவற்றின் அளவும் உத்தியோகத்தர்களின் பொறுப்பில் இருக்க வேண்டியவை. மூடியைச் சரிசெய்வதே இதைவிட மலிவு.

வெளிநாட்டிலிருந்து திரும்பியபின் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

வைத்தியரிடம் முதல் வார்த்தையாக நீங்கள் எந்த நாட்டுக்குப் போய் எப்போது திரும்பினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பரிசோதனைதான் எழுதப்படும். பயண விவரம் தெரியாவிட்டால் மலேரியா எவருடைய மனத்திலும் தோன்றாது. இரு நோய்களிலும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வரும். நடுக்கமும் அதைத் தொடர்ந்து வியர்வையும் மலேரியாவின் பழைய அடையாளங்கள். அவை எல்லோரிடமும் ஒழுங்காகத் தோன்றுவதில்லை.

பல்சிபாரம் வகை மலேரியா சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பாதித்து உயிரைப் பறிக்கவல்லது. வைவக்ஸ் வகை வேறொரு விதத்தில் ஏமாற்றும்: அதன் ஒட்டுண்ணிகளில் சில ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலாக வெளிப்படும். சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தவருக்கு ஆறு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால் பயணத்தை அவர் மறந்தேயிருப்பார். ஆகவே கடந்த ஓராண்டின் பயணங்களையாவது நினைவுபடுத்திச் சொல்வது உதவியாக இருக்கும்.

இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது நம்பகமான பழைய முறை. துரிதப் பரிசோதனைக் கருவிகளும் உண்டு. கொழும்பில் நாரஹேன்பிட்டியில் மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகம் இயங்குகிறது. ஒரு முறை பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, காய்ச்சல் தொடர்கிறது என்றால் மறுமுறை பார்ப்பதே முறை.

சிகிச்சை எப்படி?

பல்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் சார்ந்த கூட்டு மருந்துகளும் வைவக்ஸுக்குக் குளோரோகுயினும் கொடுக்கப்படுகின்றன. வைவக்ஸில் ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியைக் கொல்லப் பிரிமாகுயின் குளிசை வழக்கமாக 14 நாட்கள் எடுக்க வேண்டும். காய்ச்சல் போனதும் குளிசையை நிறுத்திவிடுவது இங்கு பழக்கமான தவறு; மீண்டும் நோய் வருவதற்கும், அந்நாட்களில் கடிக்கும் நுளம்புக்குத் தொற்றைக் கொடுப்பதற்கும் அதுவே வழி. ஜீ6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரிமாகுயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியதால் அதைப் பரிசோதித்த பிறகே கொடுப்பர். மருந்தகத்தில் நீங்களாக வாங்கிச் சாப்பிடும் காய்ச்சல் இதுவல்ல.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நமக்கல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021 இலும் 2023 இலும் பரிந்துரைத்த இரு தடுப்பூசிகளும் மலேரியா மிகுந்த நாடுகளில் வாழும் சிறு குழந்தைகளுக்கானவை.

ஆபிரிக்காவுக்கோ இந்தியாவின் மலேரியாப் பகுதிகளுக்கோ போகிறவர் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

புறப்படுவதற்கு முன் மலேரியாத் தடை இயக்கத்தை அணுகினால், போகும் இடத்தைப் பொறுத்துத் தடுப்புக் குளிசைகள் இலவசமாகவே தருவார்கள். சிலவகைக் குளிசைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டியிருப்பதால் கடைசி நாளில் போய் நிற்பது பயனற்றது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன் போவது நல்லது. திரும்பிய பின்னரும் சொல்லப்பட்ட காலம் வரை குளிசையைத் தொடர வேண்டும். அதை எடுத்தவருக்கும் நோய் வரலாம் என்பதால் காய்ச்சல் கண்டால் பரிசோதனை அவசியம். திரும்பியவுடன் இரத்ததான முகாமுக்குப் போகிறவர்கள் தம் பயணத்தை அங்குள்ள வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவரின் இரத்தத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்பதில்லை, ஏனெனில் அந்த ஒட்டுண்ணி நுளம்பில்லாமலும் ஓர் இரத்தப் பையின் வழியாக இன்னொருவரைச் சென்றடையும்.